காலன் டீசலுக்கு எத்தனை மைல் கொடுக்கும்?

வாசகர் கேள்வி பதில்: அமெரிக்கச் சாலைகளில் ஓடும் பெரிய டீசல் மோட்டார்ஹோம்கள், அதாவது வீடு மாதிரி கட்டிய வண்டிகள் பற்றி. பதில் எழுதுபவர் நாமக்கல் லாரிப் பட்டறையில் தொழில் பழகியவர். இப்போது இண்டியானா மாநிலம் எல்க்கார்ட் பக்கம் மோட்டார்ஹோம் பட்டறையில் டீசல் மெக்கானிக்.

கேள்வி: வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். நானும் மனைவியும் ஊர் சுற்றுவதற்காக 40 அடி டீசல் புஷர் (எஞ்சின் பின்பக்கம் இருக்கும் மோட்டார்ஹோம்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். கம்மின்ஸ் ஐஎஸ்எல் எஞ்சின். விற்பவர் காலனுக்கு 10 மைல் கொடுக்கும் என்கிறார். அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் 6.5 தாண்டியதே இல்லை என்கிறார். யாரை நம்புவது?
— டாலஸ் வாசகர்

பதில்: இரண்டு பேருமே பொய் சொல்லாமல் இருக்கலாம். ஒருவர் 55 மைல் வேகத்தில் சமதளத்தில் போனதைச் சொல்கிறார், இன்னொருவர் டெக்சாஸில் ஐ-10 நெடுஞ்சாலையில் 75இல் போனதைச் சொல்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வண்டிகளுக்கு அரசாங்கத்தின் மைலேஜ் ஸ்டிக்கர் கிடையாது. கார் வாங்கப் போனால் கண்ணாடியில் ஒட்டியிருக்குமே, அந்தச் சோதனைக்குள் இவ்வளவு கனமான வண்டிகள் வருவதில்லை. அதனால் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். எந்த வேகம், என்ன காற்று, எவ்வளவு சுமை என்று கேட்காமல் எந்த எண்ணையும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

40 அடி வண்டி, சாமான், தண்ணீர், டீசல் எல்லாம் சேர்த்து 36,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அகலம் எட்டரை அடி, உயரம் 12 அடிக்கு மேல், முன்பக்கம் செங்குத்தான சுவர். இந்தச் சுவரைக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போவதில்தான் டீசல் போகிறது. நான் போட்ட கணக்குப்படி 65 மைல் வேகத்தில் காற்றை விலக்க மட்டும் சுமார் 105 குதிரைத்திறன் வேண்டும். டயர் உருள 43. ஆல்டர்னேட்டர், ஏசி, ஃபேன், ஏர் கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் ஒரு 15. இந்த அளவு டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தர ஏறக்குறைய 0.35 பவுண்டு டீசல் எரிக்கும். கூட்டிப் பாருங்கள், மணிக்கு எட்டு காலன் வரும். 65 மைல் ஓட எட்டு காலன் என்றால் காலனுக்கு 8 மைல்.

இதே கணக்கை 55இல் போட்டால் ஒன்பதரை வருகிறது. 75இல் போட்டால் 6.7. வண்டி அதே வண்டி, எஞ்சின் அதே எஞ்சின். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது, அதற்கு வேண்டிய சக்தியோ வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுகிறது. உங்கள் விற்பனையாளரும் பக்கத்து வீட்டுக்காரரும் இந்த இரண்டு முனையில் நிற்கிறார்கள்.

எதிர்க்காற்றையும் மறக்காதீர்கள். நீங்கள் 60இல் போகும்போது எதிரே 15 மைல் காற்று அடித்தால் வண்டியின் முகத்தில் படுவது 75 மைல் காற்று. வயோமிங் மாநிலத்தில் ஐ-80இல் மேற்கு நோக்கிப் போனவர்களைக் கேளுங்கள், ஒரு நாள் முழுக்க 6க்கு மேல் ஏறவில்லை என்பார்கள். திரும்பி வரும்போது காற்று முதுகில் அடிக்க, 9 கிடைக்கும். வண்டியில் ஒரு பழுதும் இருக்காது.

ஐஎஸ்எல் போட்ட 40 அடி வண்டிக்கு 7இலிருந்து 9க்குள் எதிர்பாருங்கள், திட்டம் போடும்போது ஏழரை என்று எழுதிக்கொள்ளுங்கள். 6.7 லிட்டர் ஐஎஸ்பி போட்ட 34, 36 அடி வண்டிகள் எடை குறைவு என்பதால் 8, 9, கவனமாக ஓட்டினால் 10. 45 அடி, பின்னால் இரண்டு அச்சு, 15 லிட்டர் எஞ்சின் என்று போனால் 6, 7தான். 10க்கு மேல் வேண்டும் என்றால் மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் வேனின் சேஸியில் கட்டிய 25 அடி வண்டிக்கு இறங்க வேண்டும். அது 14 முதல் 18 வரை தரும், ஆனால் நீங்கள் பார்த்து வைத்த வீடு அதற்குள் அடங்காது.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் மோட்டார்ஹோம் வாங்கப் போகிறானாம். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர்தான் என்கிறான். நம் ஊர் அரசுப் பேருந்தே ஐந்துக்கு மேல் கொடுக்கிறதே? ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு, இடத்துக்கு இடம் நின்று போகிற வண்டி அது. அமெரிக்க எஞ்சின் அவ்வளவு மோசமா?
— திருச்சி வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. எஞ்சின் மோசமில்லை. நம் ஊர்ப் பேருந்தும் மோட்டார்ஹோமும் எடையில் அண்ணன் தம்பி, இரண்டுமே 16 டன் பக்கம். ஆனால் நம் பேருந்து மணிக்கு 50, 60 கிலோமீட்டரில் போகிறது. உங்கள் மகன் இங்கே 105இல் போவார். மேலே டாலஸ்காரருக்குச் சொன்ன கணக்கை 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டால், காற்றுக்குப் போகும் சக்தி 105 குதிரைத்திறனிலிருந்து 16க்கு இறங்கிவிடும். இதே மோட்டார்ஹோமை திருச்சி–தஞ்சாவூர் சாலையில் பேருந்து வேகத்தில் நிறுத்தாமல் விட்டால் அதுவும் ஐந்தைத் தாண்டும்.

நம் டிரைவர்களின் கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிப்போவில் ஒவ்வொரு டிரைவருக்கும் கேஎம்பிஎல், அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு எழுதுகிறார்கள். பிரேக் போடுவதற்கு முன்பே காலை எடுத்து, வண்டியை அதன் ஓட்டத்தில் விடும் பழக்கம் அந்தக் கணக்கால் வந்தது. உங்கள் மகனுக்கு அதைக் கற்றுக்கொடுங்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்த எஞ்சின்களும் டீசலை முழுவதுமாக நிறுத்திவிடும். சிவப்பு விளக்கு வரை மிதித்துக்கொண்டு போய்க் கடைசியில் பிரேக் அழுத்துபவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

கேள்வி: என் வண்டியின் டிஸ்பிளே 9.1 காட்டுகிறது. டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டால் 8.0, சில சமயம் 7.6. எது சரி? எங்கேயாவது டீசல் ஒழுகுகிறதா?
— சான் ஹோசே வாசகி

பதில்: ஒழுகினால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும், டேங்க் அடியிலும் ஈரம் தெரியும். இல்லையென்றால் பயப்படாதீர்கள் அம்மா. டிஸ்பிளே காட்டுவது அளந்து பார்த்த எண் இல்லை. இன்ஜெக்டருக்கு எவ்வளவு திறக்கச் சொன்னோம் என்பதை வைத்து எஞ்சினின் கம்ப்யூட்டர் போடும் மதிப்பீடு அது. அது கொஞ்சம் தாராளமாகக் காட்டும், நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான்.

அதைவிட முக்கியமான காரணம், அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் டீசல் போகிற வழிகள். உங்கள் ஜெனரேட்டர் அதே டேங்கிலிருந்துதான் குடிக்கிறது. 8 கிலோவாட் ஓனான் கம்பெனி ஜெனரேட்டர் பாதி லோடில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய அரை காலன். கோடையில் ஓடும்போதே கூரை ஏசிகளுக்காக ஜெனரேட்டர் போடுகிறீர்கள் என்றால் ஆறு மணி நேரத்தில் மூன்று காலன் போய்விட்டது. ஆக்வா-ஹாட் மாதிரி டீசல் ஹீட்டர் இருந்தால் அதுவும் அதே டேங்க்தான். ஒரு வாரம் காட்டுக்குள் நிறுத்தி ஜெனரேட்டரில் இருந்துவிட்டு வந்து, டேங்க் நிரப்பி, ஓடிய மைலைக் காலனால் வகுத்தால் 6 வரும். அது சாலையில் ஓடிய கணக்கு இல்லை, குடியிருந்த கணக்கும் சேர்ந்தது. ஜெனரேட்டரில் மணிமீட்டர் இருக்கிறது. டேங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும் அதன் எண்ணையும் எழுதி, மணிக்கு அரை காலன் கழித்துவிட்டு வகுத்துப் பாருங்கள்.

அப்புறம் நுரை. இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் உங்கள் 8.0க்கும் 7.6க்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் இதுதான். லாரி லேனில் இருக்கும் பெரிய நாசில் டீசலை வேகமாகக் கொட்டும். டேங்குக்குள் டீசல் பால் மாதிரி நுரைத்து எழும், நுரை நாசிலின் நுனியைத் தொட்டதும் 'டக்' என்று நின்றுவிடும். காது கொடுத்துக் கேட்டால் உள்ளே நுரை அடங்கும் சத்தம் கேட்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினால் இன்னும் மூன்று நான்கு காலன் இறங்கும். 60 காலன் நிரப்பும் இடத்தில் 3 காலன் என்பது 5 சதவீதம், உங்கள் மைலேஜில் கிட்டத்தட்ட அரை மைல். ஒரு முறை முதல் 'டக்'கோடு நிறுத்தி, அடுத்த முறை வாய் வரை நிரப்பினால் கணக்கு எப்படி நிற்கும்?

முடிந்தால் ஒரே பக்கத்து மூடியில், நாசிலைப் பாதி அழுத்தி மெதுவாக நிரப்புங்கள். தரை சாய்வாக இருக்கும் பம்பைத் தவிருங்கள். ஒரு நிரப்பலை நம்பாதீர்கள், நாலைந்து நிரப்பலின் மைலையும் காலனையும் மொத்தமாகக் கூட்டி வகுங்கள். நுரையின் தவறு அதில் கரைந்துவிடும். ஓடோமீட்டரையும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்து மைல் பலகைகளில் 50 மைல் எண்ணினால் போதும். டயர் அளவு மாறியிருந்தால் அங்கேயே இரண்டு மூன்று சதவீதம் பிசகும்.

கேள்வி: பின்னால் ஜீப் கட்டி இழுத்தால் மைலேஜ் எவ்வளவு போகும்?
— போர்ட்லண்ட் வாசகர்

பதில்: சமதளத்தில் அரை மைல் கூடப் போகாது. ஜீப் மோட்டார்ஹோமின் முதுகுக்குப் பின்னால் காற்று படாத இடத்தில் வருகிறது, நீங்கள் கொடுப்பது அதன் டயர் உருளும் செலவு மட்டும். மலையில்தான் அதன் 4,000 பவுண்டு தெரியும். பெரிய வண்டியைச் சந்துக்குள் விட்டு மளிகை வாங்கப் போவதைவிட இது எவ்வளவோ மேல். கலிபோர்னியாவுக்குள் இறங்கினால் எதையாவது இழுக்கும் வண்டிக்கு 55 மைல்தான் உச்ச வேகம், அங்கே உங்கள் மைலேஜ் கூடினாலும் கூடும்.

கேள்வி: நாலு வருடம் முன்பு 8.3 கொடுத்த வண்டி இப்போது 7.4. ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் ஏறும்போது டெம்பரேச்சரும் ஏறுகிறது. எஞ்சின் போய்விட்டதா? ஒரு பட்டறையில் இன்ஜெக்டர் எல்லாம் மாற்றச் சொல்கிறார்கள். ரேடியேட்டர் பின்பக்கம் இருக்கும் வண்டி.
— ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: இன்ஜெக்டருக்குப் பணம் கட்டாதீர்கள், அண்ணா. முதலில் படுக்கையைத் தூக்குங்கள்.

உங்கள் வண்டியில் எஞ்சின் படுக்கையறைக்குக் கீழே இருக்கிறது. கட்டிலைத் தூக்கி, தரையில் இருக்கும் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பாருங்கள். வெளியே வண்டியின் பின்னால் நின்று பார்த்தால் ரேடியேட்டர் பளபளவென்று இருக்கும், அந்தப் பக்கம் அழுக்கு சேர்வதில்லை. காற்று எஞ்சின் பக்கமிருந்து பின்னோக்கிப் போவதால் அழுக்கெல்லாம் உள்பக்கம் முதலில் இருக்கும், டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் சார்ஜ் ஏர் கூலரின் முகத்தில் அப்பும். எஞ்சினின் பிரீதர் குழாய் பல வண்டிகளில் ஃபேனுக்குப் பக்கத்திலேயே முடிகிறது. அதிலிருந்து வரும் எண்ணெய்ப் புகையை ஃபேன் இழுத்து கூலரின் தகடுகளில் பூசிவிடும். அரிசோனா புழுதி அதன்மேல் ஒட்டும். என் கையால் அதைச் சுரண்டி எடுத்திருக்கிறேன். கறுப்புக் கம்பளித் துணி மாதிரி பாளமாக வரும், விரலால் தேய்த்தால் மணல் நறநறக்கும்.

காற்று போக வழி இல்லாவிட்டால் டர்போ தள்ளும் காற்று சூடாகவே எஞ்சினுக்குள் போகும். சூடான காற்றில் ஆக்ஸிஜன் குறைவு, எரிவது கெடும். கூலன்ட் சூடேறும், ஃபேன் முழு வேகத்தில் ஓட ஆரம்பிக்கும். இந்த அளவு ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் 20, 30 குதிரைத்திறனை அதுவே தின்றுவிடும். நீங்கள் இழந்த 0.9 மைல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அலுமினியத்தை அரிக்காத டிகிரீசரை உள்பக்கம் நன்றாகத் தெளித்து ஊற விடுங்கள். அப்புறம் தோட்டக் குழாய்த் தண்ணீரைக் குறைந்த அழுத்தத்தில் விடுங்கள், பின்னால் கறுப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். தெளிந்த தண்ணீர் வரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், தகடுகள் மடங்கி ஒட்டிக்கொண்டால் புது கூலர்தான். பிரீதர் குழாயை ஃபேனைத் தாண்டி நீட்டிவிட்டால் இது மறுபடி வர வெகுகாலம் ஆகும்.

இதற்குப் பிறகும் மைலேஜ் ஏறாவிட்டால் கூலரில் கசிவு இருக்கிறதா என்று காற்றடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 30 பிஎஸ்ஐ ஏற்றி மூடினால் 15 விநாடியில் 7க்கு மேல் இறங்கக் கூடாது. ஏர் ஃபில்டர் காட்டியில் சிவப்பு வந்திருக்கிறதா என்றும், ஓடி நின்றதும் ஏதாவது ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடுகிறதா என்றும் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடும் சக்கரம் டீசலைத் தின்பதோடு நிற்காது, தீயும் பிடிக்கும்.

மலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிளாக்ஸ்டாஃப் 6,900 அடி, ஃபீனிக்ஸ் 1,100 அடி. 36,000 பவுண்டு வண்டியை ஒவ்வொரு ஆயிரம் அடி தூக்கவும் ஏறக்குறைய 0.9 காலன் தனியாக வேண்டும். ஆக அந்த ஏற்றத்துக்கு மட்டும் ஐந்து காலனுக்கு மேல். வண்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது போகும். அதனால் அந்தச் சாலை மைலேஜை நாலு வருடத்துக்கு முந்தைய வேறு சாலை மைலேஜோடு ஒப்பிடாதீர்கள். ஏறும்போது ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தாமல் ஒரு கியர் இறக்கி 1,900, 2,000 ஆர்பிஎம்மில் விடுங்கள். தண்ணீர் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும், எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும்.

கேள்வி: எங்கள் வண்டி 7 கொடுக்கிறது. 8 கொடுக்கும் புது மாடலுக்கு மாற்ற வேண்டும் என்று கணவர் பிடிவாதமாக இருக்கிறார். வருடம் 6,000 மைல் ஓட்டுகிறோம். மாற்றலாமா?
— அட்லாண்டா வாசகி

பதில்: மைலேஜுக்காக என்றால் வேண்டாம். 6,000 மைலுக்கு 7இல் 857 காலன், 8இல் 750 காலன். டீசல் காலன் 4 டாலர் என்றால் வருடத்துக்கு மிச்சம் 430 டாலர் கூட இல்லை. புது வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டிய அன்றே இழக்கும் விலையில் இந்த மிச்சத்தைப் பல பத்து வருடங்களுக்கு எடுக்கலாம்.

அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 75இல் ஓட்டுகிறார் என்றால் 62க்கு இறக்கட்டும். 300 மைல் பயணத்தில் 50 நிமிடம் கூடும், ஒன்பது காலன் குறையும். ஆலிசன் ஆட்டோமேட்டிக் கியரின் பட்டன்களுக்குப் பக்கத்தில் 'மோட்' என்று ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் கியர் சீக்கிரமே மேலே மாறும், சமதளத்தில் அது நல்லது. இந்த அளவு வண்டிகளின் டயர்கள் பல 75 மைலுக்குத்தான் தரச்சான்று பெற்றவை, 62 உயிருக்கும் நல்லது. டயர் காற்றைக் கையால் தட்டிப் பார்த்து முடிவு செய்யாமல், லாரி நிறுத்தத்து எடை மேடையில் சாமானோடு ஏற்றி, ஒவ்வொரு அச்சின் எடையையும் டயர் கம்பெனி அட்டவணையில் பார்த்து அடைக்கச் சொல்லுங்கள். ஓட்டம் தொடங்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது.

இன்னொன்று, நல்ல தண்ணீர் டேங்கை நிரப்பிக்கொண்டு ஓடுகிறீர்களா? 100 காலன் தண்ணீர் 834 பவுண்டு. போகிற இடத்தில் தண்ணீர் உண்டு என்றால் கால் டேங்க் போதும். ஆனால் இதில் பெரிய மிச்சம் வராது, காற்றுதான் எதிரி.

கேள்வி: டீசலில் கலக்கும் மருந்து ஊற்றினால் 10 சதவீதம் கூடும் என்று விற்கிறார்களே?
— சிகாகோ வாசகர்

பதில்: கூடாது. நீர் பிரிக்கவும் உறையாமல் இருக்கவும் உள்ள மருந்துகளுக்கு வேலை உண்டு. 10 சதவீதம் சும்மா கிடைக்கும் என்றால் ஆயிரக்கணக்கில் லாரி ஓட்டும் கம்பெனிகள் எல்லாம் அதை ஊற்றியிருக்கும். அந்தக் காசுக்கு டீசல் ஃபில்டர் மாற்றுங்கள்.

கேள்வி: மினசோட்டாவில் இருக்கிறோம். ஜனவரியில் டெக்சாஸ் கடற்கரை போய்த் திரும்புவோம். குளிரில் மைலேஜ் ஒரு மைல் குறைகிறது. டிஇஎஃப் வேறு உறைந்துவிடும் என்கிறார்கள்.
— மினியாபொலிஸ் வாசகர்

பதில்: குறைவது இயல்பு. குளிர்காலத்தில் வடக்கே விற்கும் டீசலில் உறையாமல் இருக்க லேசான டீசல் கலந்திருக்கும், அதில் காலனுக்குச் சூடு குறைவு. குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், முகத்தில் அதிகமாக முட்டும். டயரும் கியர் ஆயிலும் சூடேற நேரமாகும். கிளம்பும் முன் அரை மணி நேரம் ஐடிலில் விட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் விடுங்கள். இந்த எஞ்சின்கள் ஐடிலில் சூடேறுவதில்லை, புகை வடிகட்டியில் கரி அடைவதுதான் மிச்சம். எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரை முந்தைய இரவே மின்சாரத்தில் போட்டு, காலையில் ஸ்டார்ட் செய்து பிரேக்கின் காற்றழுத்தம் ஏறியதும் மெதுவாகக் கிளம்புங்கள்.

டிஇஎஃப் என்பது எஞ்சின் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் திரவம், யூரியாவும் தண்ணீரும் கலந்தது, 12 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உறையும். உறைந்தாலும் கெடாது. டேங்குக்குள் எஞ்சின் கூலன்ட் ஓடும் குழாய் இருக்கிறது, அது உருக்கிக்கொள்ளும். உறையும்போது விரியும் என்பதால் வாய் வரை நிரப்பி நிறுத்தி வைக்காதீர்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது திரும்பி வரும் வழி. டெக்சாஸில் விற்கும் டீசல் அங்கத்திய வெயிலுக்கு ஏற்றது. விலை குறைவு என்று அங்கே 100 காலன் நிரப்பிக்கொண்டு நேராக மினசோட்டா ஏறினால், பூஜ்யத்துக்குக் கீழே போகும் இரவில் மெழுகு திரண்டு ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், காலையில் வண்டி கிளம்பாது. கான்சாஸ், அயோவா வரும்போது டேங்க் கால் பங்குக்கு வந்திருக்கும்படி பார்த்துக்கொண்டு, லாரிகள் நிரப்பும் இடத்தில் உள்ளூர் குளிர்கால டீசலை நிரப்புங்கள். நிரப்பிய பிறகு 20 மைலாவது ஓட்டிவிட்டு நிறுத்துங்கள், அப்போதுதான் அது ஃபில்டர் வரை வந்து சேர்ந்திருக்கும்.